இருக்கும் ஏக்கரை முழுதாகப் பயன்படுத்துதல்: நீலகிரிச் சிறு தேயிலை விவசாயிகளுக்கான நிலப் பயன்பாட்டு வழிகாட்டி

நீலகிரியில் தேயிலையை நம்பி வாழும் பல்லாயிரக்கணக்கான குடும்பங்களில் பெரும்பாலானவற்றிடம் இருப்பது ஓர் ஏக்கர் அல்லது இரண்டு ஏக்கர் நிலம். ஐம்பது சென்ட்டை வைத்துக்கொண்டு பிழைப்பவர்களும் குறைவில்லை. 25 ஏக்கர், அதாவது 10.12 ஹெக்டேர் வரை வைத்திருப்பவரைத் தேயிலை வாரியம் சிறு விவசாயி என்று வகைப்படுத்துகிறது. அந்த வரம்பின் அருகில்கூட வராதவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. பசுந்தேயிலை விலை ஏறிய காலங்களில் ஓடைக்கரை, சதுப்பு, செங்குத்துச் சரிவு என்று பாராமல் எல்லா இடத்திலும் தேயிலையை நட்டார்கள். விலை விழுந்தபோது அந்தத் துண்டுகளே முதலில் கைவிடப்பட்டன. இன்று நிலத்தை விரிவாக்க இடமும் இல்லை, விரிவாக்குவதில் லாபமும் இல்லை. நல்ல மண்ணுள்ள இடத்தில் ஒரு செடிகூடக் குறையாமல் பார்த்துக்கொள்வதும், தேயிலைக்கு ஆகாத இடத்தில் உரத்தையும் கூலியையும் கொட்டாமல் நிறுத்திக்கொள்வதுமே சிறு விவசாயியின் கையில் உள்ள வழி. இவை இரண்டையும் எப்படிச் செய்வது என்பதைக் கீழே பார்க்கலாம்.

முதலில் எண்ணிப் பார்த்தல்

தோட்டத்தை ஒரே நிலமாகப் பார்க்கும் வரை எங்கே நட்டம் ஏற்படுகிறது என்பது தெரியாது. ஆகவே ஓர் ஏக்கரையும் நான்கைந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரோ எண்ணோ கொடுத்துவிட வேண்டும். பிரிப்பதற்கு அளவுநாடாவைவிட நிலத்தின் இயல்பே நல்ல அடிப்படை: மேட்டுப் பகுதி, நடுச்சரிவு, பாறை தலைகாட்டும் இடம், பள்ளத்தாக்கின் அடி, சாலையோரம் என்று நிலமே எல்லை காட்டும்.

அடுத்தது செடிக் கணக்கு. தென்னிந்தியாவில் சமமட்டக் கோட்டில், அதாவது சரிவின் குறுக்கே ஒரே உயரத்தில் செல்லும் கோட்டில், ஒற்றை வரிசையாக நடும்போது வரிசைக்கு வரிசை 1.20 மீட்டர், செடிக்குச் செடி 0.75 மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். அதாவது நான்கடிக்கு இரண்டரையடி. இந்தக் கணக்கில் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,350 செடிகள் நிற்க வேண்டும். இரட்டை வரிசை முறையில் ஹெக்டேருக்கு 13,200 செடிகள், ஏக்கருக்கு 5,300 சொச்சம். பழைய காலத்தில் நான்கடிக்கு நான்கடியாக மேலிருந்து கீழாக நட்ட விதைச்செடித் தோட்டங்களில் ஏக்கருக்கு 2,700 அளவில்தான் இருக்கும். உங்கள் தோட்டம் இவற்றுள் எந்த முறையில் நடப்பட்டது என்பதைக் கண்டுகொண்டு, ஒவ்வொரு துண்டிலும் நான்கைந்து வரிசைகளில் மொத்தம் நூறு செடிகளுக்கான இடங்களை எண்ணுங்கள். நல்ல செடி, நலிந்த செடி, வெற்றிடம் என்று மூன்று பத்திகளில் குறித்துக்கொள்ளுங்கள்.

நூற்றுக்கு இருபது வெற்றிடம் என்றால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியாது, ஏனெனில் பக்கத்துச் செடிகள் பரந்து அந்த இடத்தைப் பாதி மூடியிருக்கும். கணக்கில் அது ஓர் ஏக்கரில் 870 செடிகள், அதாவது இருபது சென்ட் நிலம். அந்த இருபது சென்ட்டிலும் களை எடுக்கிறீர்கள், உரமும் விழுகிறது, மழையில் மண்ணும் கரைகிறது. வராதது இலை மட்டுமே. பக்கத்து நிலம் விற்பனைக்கு வருமா என்று விசாரிப்பதற்கு முன் இந்த இருபது சென்ட்டை விசாரிப்பது நல்லது.

செடிக் கணக்கோடு மண்ணின் ஆழத்தையும் சரிவையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். ஒரு கடப்பாரையைக் கொண்டு ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்த்தால், பாறையோ கெட்டியான மண் அடுக்கோ எத்தனை அடியில் தட்டுகிறது என்பது தெரிந்துவிடும். தேயிலையின் வேர் ஆழமாக இறங்கக்கூடியது. மூன்றடிக்குள் பாறை தட்டும் இடத்தில் ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் செடி வாடியே தீரும். சரிவை அளக்க ஒரு மீட்டர் நீளமுள்ள குச்சியின் ஒரு முனையை மேட்டுப்பக்கத் தரையில் ஊன்றி, குச்சியைச் சரிவை நோக்கிக் கிடைமட்டமாக நீட்டிப் பிடித்து, மறுமுனையிலிருந்து தரைவரை உள்ள உயரத்தை அளந்தால் போதும். அந்த உயரம் 40 சென்டிமீட்டர் என்றால் சரிவு 40 சதவீதம். 70 சதவீதத்தைத் தாண்டும் சரிவு தேயிலைக்கு உரியதன்று என்பதை ஒரு விதியாகவே கொள்ளலாம்.

சரிவையும் மழைநீரையும் கையாளுதல்

மண் போன பிறகு மற்ற எந்தச் சீர்திருத்தமும் பலன் தராது என்பதால் இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியுள்ளது. நன்றாக மூடி வளர்ந்த தேயிலை மண்ணைக் காப்பதில் மலைக்காய்கறியைவிடப் பல மடங்கு மேலானது. இலைப்பரப்பு மழைத்துளியின் வேகத்தை வாங்கிக்கொள்கிறது, வேர் மண்ணைப் பிடித்து வைக்கிறது. இலை விலை சரியில்லை என்று சரிவான நிலத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போடுபவர்கள் சில பருவங்களுக்கு நல்ல பணம் பார்க்கக்கூடும். ஆனால் மேல்மண் ஒருமுறை ஓடையில் இறங்கிவிட்டால் அந்த நிலத்தில் மறுபடி தேயிலையும் சரியாக வராது. தேயிலை நிலத்தில் மண் அரிப்பு நேர்வது பெரும்பாலும் மூன்று கட்டங்களில்தான்: புதிதாக நட்ட முதல் மூன்று ஆண்டுகள், கவாத்து, அதாவது செடியைத் தாழ வெட்டிவிடும் வேலை, செய்தபின் செடி மூடும் வரையிலான மாதங்கள், வெற்றிடங்கள் பெருகிய முதிய தோட்டம்.

சமமட்டக் கோட்டைக் கண்டுபிடிக்கச் சர்வேயர் தேவையில்லை. ஏழடி நீளமுள்ள இரண்டு மூங்கில்களின் தலையைச் சேர்த்துக் கட்டி, கால்களை ஆறடி அகலத்துக்கு விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கட்டையைக் கட்டுங்கள். தலையிலிருந்து ஒரு நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். சட்டத்தை ஓரிடத்தில் நிறுத்தி நூல் குறுக்குக் கட்டையைத் தொடும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி மீண்டும் நிறுத்தி இரண்டாவது குறியை இட்டால், இரண்டு குறிகளுக்கும் சரி நடுவே உள்ள புள்ளிதான் சமமட்டப் புள்ளி. இனி ஒரு காலை ஊன்றி, நூல் அந்தப் புள்ளியில் நிற்கும் வரை மறுகாலை மேலும் கீழும் நகர்த்தி, முளையடித்துக்கொண்டே போனால் சரிவின் குறுக்கே சமமட்டக் கோடு கிடைத்துவிடும். இரண்டு பேர் ஒரு காலையில் அரை ஏக்கரைக் குறித்துவிடலாம்.

ஏற்கெனவே நிற்கும் தோட்டத்தில் வரிசைகளை மாற்ற முடியாது. அங்கே நான்கைந்து வரிசைக்கு ஒன்றாக, ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி ஆழமும் ஆறு முதல் பத்தடி நீளமும் கொண்ட குழிகளைச் சமமட்டத்தில் வெட்டலாம். மேல்வரிசைக் குழிகளுக்கு இடையே உள்ள வெளிக்கு நேர் கீழே அடுத்த வரிசைக் குழி வருமாறு மாற்றி மாற்றி அமைக்க வேண்டும். அப்போதுதான் ஒன்றில் தப்பிய நீர் மற்றொன்றில் சிக்கும். குழியில் சேரும் வண்டல், உங்கள் தோட்டத்தின் மிகச் சத்தான மண். பருவமழைக்கு முன் அதை அள்ளி மேல்பக்கத்துச் செடிகளின் அடியில் போட்டுவிட வேண்டும். கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் தென்மேற்குப் பருவமழை வலுவானது என்பதால் மே மாதத்துக்குள்ளும், வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் செப்டம்பருக்குள்ளும் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. நீரை மண்ணுக்குள் இறக்குவது எல்லா இடத்திலும் நல்லதன்று. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, உதகை வட்டாரங்களில் நேர்ந்த நிலச்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில், ஆழமான களிமண் சரிவுக்குள் இறங்கும் நீர் மண்ணின் எடையைக் கூட்டி, அதன் பிடிமானத்தைக் குறைத்து, சரிவை அப்படியே வழுக்கிவிடச் செய்கிறது. ஆகையால் அடிவாரத்தில் வீட்டுக்கோ சாலைக்கோ செங்குத்தாக மண் வெட்டப்பட்டிருக்கும் இடத்துக்கு மேலேயும், பழைய சரிவின் தழும்பு தெரியும் இடத்திலும், மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும் இடத்திலும் நீர் தேக்கும் குழிகளை வெட்டக் கூடாது. அங்கே செய்ய வேண்டியது நீரை மேட்டிலேயே மறித்து, சிறிய சாய்வுள்ள வாய்க்கால் வழியாகப் பக்கத்து இயற்கை ஓடைக்குக் கொண்டுபோய் விடுவதாகும். மழைக்காலத்தில் தரையில் வெடிப்பு தென்பட்டால் அதை மண்ணால் அடைத்து மிதித்துவிட்டு, வருவாய்த் துறைக்கும் கீழே குடியிருப்போருக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும். பொக்லைன் இயந்திரத்தை நிலத்தில் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்ற விதியைப் பலர் தொல்லையாகக் கருதுகிறார்கள். நீலகிரியின் சரிவுகளை நினைத்தால் அது இன்னும் கண்டிப்பாக இருந்தாலும் தவறில்லை.

களையெடுப்பில் ஒரு பழக்கத்தை மாற்றுவதே பாதி மண்ணைக் காக்கும். மண்வெட்டியாலும் களைக்கொத்தாலும் தரையைச் சுரண்டி வெறும் மண்ணாக்குவதை நிறுத்தி, அரிவாளால் உயரமான களைகளை அறுத்து அங்கேயே பரப்பிவிடலாம். புளியாரை போன்ற தாழ்ந்து படரும் மென்களைகள் முதிர்ந்த தேயிலைக்குப் போட்டியாவதில்லை. அவை மண்ணின் போர்வையாக இருக்கட்டும்.

கவாத்து ஆண்டு: வெற்றிடம் நிரப்பும் வாய்ப்பு

வெற்றிடங்களை நிரப்ப முயன்று தோற்றவர்கள் பெரும்பாலும் தோற்றது காலத்தைத் தவறவிட்டதால்தான். வளர்ந்த செடிகளின் நடுவே சிறு நாற்றை நட்டால் மேலே வெளிச்சம் கிடைக்காது, கீழே பழைய செடிகளின் வேர் விடாது. கவாத்து முடிந்த உடனே வரும் சில மாதங்களில் மட்டுமே நாற்றுக்கு வானம் திறந்திருக்கும். நீலகிரியில் நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்து என்பதால், அந்த ஆண்டைத் தவறவிட்டால் மறுபடி நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். நாற்றுக்கோ நாற்றங்காலில் ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆக, எந்தத் துண்டுக்கு எப்போது கவாத்து என்பதை ஒன்றரை ஆண்டுக்கு முன்பே முடிவு செய்து, அந்தத் துண்டின் வெற்றிடக் கணக்குப்படி நாற்றுக்குச் சொல்லி வைப்பதுதான் திட்டமிடல்.

முழுத் தோட்டத்தையும் ஒரே ஆண்டில் கவாத்து செய்யாமல், ஆண்டுக்கு ஒரு துண்டு என்று சுழற்சியாக வைத்துக்கொண்டால் வருமானம் ஒரேயடியாக நிற்காது; வேலையும் கையடக்கமாக இருக்கும். கவாத்துக்கு முன் செடியின் வேரில் மாவுச்சத்து சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் இலையே இல்லாத அந்த வாரங்களில் செடி அந்தச் சேமிப்பை வைத்துத்தான் துளிர்க்கிறது. பென்சில் பருமனுள்ள வேரை அறுத்து, வெட்டுமுகத்தில் அயோடின் கரைசலைத் தடவினால், சேமிப்பு போதுமானதாக இருந்தால் கருநீலமாக மாறும். நிறம் வெளிறியிருந்தால் சில வாரங்கள் பறிக்காமல் ஓய்வு கொடுத்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். உறைபனி விழும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும், மண் காய்ந்து கிடக்கும் மாதங்களிலும் கவாத்தைத் தவிர்ப்பது நல்லது. நோயுற்ற, பட்டுப்போன கிளைகளை உயிருள்ள பகுதிவரை வெட்டி நீக்கி, பெரிய வெட்டுகளுக்குத் தாமிரப் பூஞ்சைக்கொல்லிப் பசை தடவினால் கட்டை அழுகல் உள்ளே இறங்காது.

கவாத்துக் கழிவை விறகுக்காகக் கட்டிச் செல்வது இந்த மலையில் பரவலான வழக்கம். பருத்த கட்டைகளை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் இலையும் மெல்லிய குச்சிகளும் வரிசைகளுக்கு இடையில் மண்ணிலேயே கிடக்க வேண்டும். நான்கு ஆண்டு உரச்செலவில் ஒரு பகுதி அந்த இலைகளில் இருக்கிறது. போதாக்குறைக்கு, செடி மூடும் வரை மண்ணை மழையிலிருந்து காப்பதும் அதுவே. அதைக் குவித்து எரிப்பது இரட்டை நட்டம்: சத்து புகையாகிறது, சாம்பல் விழுந்த இடத்தில் மண்ணின் அமிலத்தன்மை குறைந்து நாற்று வளராமல் போகிறது.

நிரப்புவதற்கு உயரமான, தண்டு தடித்த நாற்றுகளே வேண்டும். ஓரடி அகலமும் ஒன்றரையடி ஆழமும் உள்ள குழியை வெட்டி, உள்ளே நீளும் பழைய வேர்களை அறுத்து, மேல்மண்ணோடு மக்கிய எருவைக் கலந்து நட வேண்டும். ரகத்தைப் பொறுத்தவரை, வறட்சிக்கு ஆளாகும் துண்டுகளுக்கு, தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கமான உபாசியின் உபாசி-9 போன்ற வறட்சி தாங்கும் ரகமும், தரமான இலைக்கு நல்ல விலை தரும் தொழிற்சாலை அருகில் உள்ளவர்களுக்குச் சி.ஆர்.-6017 ரகமும் பொருந்தும். ஒரே ரகத்தை எல்லா இடத்திலும் நடாமல் இரண்டு மூன்றைக் கலந்து வைப்பது பூச்சிநோய்த் தாக்குதலிலிருந்து ஓரளவு காப்பு.

வெற்றிடங்கள் சிதறி இல்லாமல் ஓரிடத்தில் வட்டமாகப் பரவிக்கொண்டு போனால் அது பெரும்பாலும் வேரழுகல் நோயின் அடையாளம். அங்கே அவசரப்பட்டு நாற்றை நட்டால் அதுவும் சாகும். செத்த செடிகளோடு சுற்றியுள்ள ஒரு வரிசைச் செடிகளையும் வேரோடு பிடுங்கி, பென்சில் பருமன் வரையிலான வேர்களைப் பொறுக்கி அங்கேயே எரித்து, மூன்றடி ஆழத்தில் சுற்றிலும் அகழி வெட்டி, குவாத்தமாலா புல்லை நட்டு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் விட்டுவைக்க வேண்டும்.

உரம்: அளவுக்குமேல் இடுவதும் நில வீணடிப்பே

தேயிலைக்குப் பொருத்தமான மண் அமிலத்தன்மை, பி.எச். அளவில் 4.5 முதல் 5.5 வரை; இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். பல ஆண்டுகள் யூரியாவும் அம்மோனியம் சல்பேட்டும் மட்டுமே கண்ட நிலம் இதற்கும் கீழே இறங்கிவிடும். முன்பு உருளைக்கிழங்கு விளைந்து சுண்ணாம்பு கண்ட நிலமோ மேலே நிற்கும். இரண்டுக்கும் ஒரே மருந்து இருக்க முடியாது. ஆகவே கவாத்துக்கு முன்பு ஒவ்வொரு துண்டிலும் எட்டுப் பத்து இடங்களில், மேலே கிடக்கும் சருகை விலக்கி, ஒன்பது அங்குல ஆழம் வரை மண்ணெடுத்து, கலந்து, அரை கிலோவை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். உரமிட்டு இரண்டு மாதம் ஆகாத நிலத்தில் மாதிரி எடுப்பது வீண். குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தில் இதற்கான வழிகாட்டுதலைப் பெறலாம். அமிலத்தன்மை மிகுந்திருந்தால் கவாத்து ஆண்டில் டோலமைட்டைப் பரப்பி, சில வாரங்கள் கழித்தே மற்ற உரங்களை இட வேண்டும்.

நைட்ரஜன் கணக்கை விவசாயியே போட்டுப் பார்க்கலாம். ஏறத்தாழ நான்கரை கிலோ பசுந்தேயிலை ஒரு கிலோ தேயிலைத்தூளாகிறது. அந்தத் தூளில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் நைட்ரஜன் உள்ளது. ஓர் ஏக்கரில் ஆண்டுக்கு 4,500 கிலோ இலை பறித்தால் 1,000 கிலோ தூள். அதோடு வெளியேறும் நைட்ரஜன் சுமார் 40 கிலோ, யூரியாவாகச் சொன்னால் 87 கிலோ. மழையில் கரைவதும் காற்றில் போவதும் உண்டு என்பதால் இதைவிடக் கூடுதலாகவே இட வேண்டியிருக்கும். ஆனால் அதே ஏக்கரில் 2,000 கிலோ இலை மட்டும் எடுத்துவிட்டு, பக்கத்துத் தோட்டக்காரர் இடுகிறார் என்பதற்காக அவர் அளவையே இடுபவரின் உரத்தில் பெரும்பகுதி ஓடைக்குத்தான் போகிறது. விளைச்சலைப் பார்த்து உரம் என்பதே முறை. அதையும் மண் ஈரமாக இருக்கும்போது, கனமழை வராத வாரத்தில், ஆண்டுக்கு மூன்று நான்கு தவணைகளாகப் பிரித்து இட வேண்டும். கவாத்து ஆண்டில் புதுக் கிளைகள் உறுதிப்பட நைட்ரஜனைவிடப் பொட்டாஷின் பங்கு கூடுதலாக வேண்டும். மணிச்சத்துக்குப் பாறை பாஸ்பேட் போதும். அமில மண்ணில் அது மெல்லக் கரைந்து செடிக்குக் கிடைக்கும்.

நிழல் மரங்கள்

சில்வர் ஓக் மரங்களை ஆரம்பத்தில் 6 மீட்டர் இடைவெளியில் நட்டு, வளர வளரக் கலைத்து 12 மீட்டர் இடைவெளிக்குக் கொண்டுவருவது தென்னிந்தியத் தோட்டங்களின் நடைமுறை. அப்படியானால் ஏக்கருக்கு 28 மரங்கள் அளவில் நிற்கும். நிழலே இல்லாத இடத்தில் கோடையில் சிவப்புச் சிலந்தி பெருகுகிறது. நிழல் மிகுந்த இடத்தில் மழைக்காலத்தில் கொப்புள நோய் பெருகுகிறது. 1946-இல் தென்னிந்தியாவுக்குள் வந்த அந்தக் கொப்புள நோயை நினைத்தே, பருவமழை தொடங்குமுன் மரங்களின் பக்கக் கிளைகளைக் கழித்துவிடும் பழக்கம் வலுப்பெற்றது. கழித்த தழையை நிலத்திலேயே விடலாம். பந்தலூர், கூடலூர் போன்ற தாழ்ந்த உயரங்களில் இந்த மரங்களில் மிளகு ஏற்றினால் அதே சென்ட்டில் இரண்டாவது வருமானம் கிடைக்கிறது. உயரமான குளிர்ப் பகுதிகளில் மிளகை முயல்வது வீண் செலவு, அங்கே வெண்ணெய்ப்பழ மரங்களை வேலியோரத்தில் வைக்கலாம். மரம் வெட்டுவதானால், அது சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும், மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி முன் அனுமதி வாங்கிவிட்டே வெட்ட வேண்டும்.

பறிப்பு

ஆள் பற்றாக்குறையால் கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. அவற்றைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஆண்டு முழுவதும் கத்தரியை மட்டுமே ஓட்டினால் செடியின் மேல் நிற்கும் பராமரிப்பு இலைகள் மெலிந்து, வளர்ச்சி நின்ற மொட்டுகள் பெருகி, மூன்றாம் ஆண்டிலேயே விளைச்சல் சரியத் தொடங்கும். கொழுந்து குறைவான மாதங்களில் கையால் பறித்து, ஓர் இலையைச் செடியிலேயே விட்டு மேலேற்றுவதும், கொழுந்து பெருகும் மாதங்களில் மட்டும் கத்தரியைப் பயன்படுத்துவதும் இரண்டுக்கும் நடுவழி. நலிந்த துண்டுகளிலும், கவாத்துக்குப் பின் முதலாண்டிலும் கத்தரியைத் தொடவே கூடாது. பூச்சிமருந்து தெளித்தால், தேயிலை வாரியத்தின் பயிர்ப் பாதுகாப்பு விதித்தொகுப்பில் அனுமதிக்கப்பட்டதைத்தான் தெளிக்க வேண்டும். தெளித்தபின் விட வேண்டிய நாட்களை விட்டே பறிக்க வேண்டும். எச்சம் கண்டுபிடிக்கப்பட்டால் ஒருவரின் இலை மட்டுமல்லாமல் அந்தத் தொழிற்சாலையின் மொத்தச் சரக்கும் திரும்பும்.

தேயிலையிலிருந்து விடுவிக்க வேண்டிய நிலம்

விவசாயிகள் மிகவும் தயங்கும் இடம் இதுதான், தயக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனால் உங்கள் குறிப்பேட்டில் சில துண்டுகள் தாமாகவே தனித்துத் தெரியும்: 70 சதவீதத்துக்கு மேல் சரிவுள்ளவை, மூன்றடிக்குள் பாறை தட்டுபவை, பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கி ஆண்டுதோறும் உறைபனியில் கருகுபவை, ஓடையை ஒட்டியவை, வடிகால் வெட்டி உலர்த்தப்பட்ட சதுப்புகள். இவற்றில் பள்ளத்தாக்குச் சதுப்புகளை முதலில் விட்டுவிடச் சொல்வேன். அவை மழைநீரைப் பிடித்து வைத்துக் கோடையில் ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருபவை. வடிகாலை மூடிவிட்டாலே பாதி வேலையை இயற்கை செய்துவிடும். பிறகு மேட்டுத் தோட்டத்தில் நாற்றுக்கு ஊற்றத் தண்ணீர் தேடி அலைய வேண்டியிராது.

விடுவிப்பது வேறு, கைவிடுவது வேறு. பறிக்காமல் போட்ட தேயிலை சில ஆண்டுகளில் மரமாகி, அடியில் உண்ணிச்செடி புகுந்து, குடியிருப்பின் அருகிலேயே கரடிக்கும் சிறுத்தைக்கும் மறைவிடமாகிவிடுகிறது. கைவிடப்பட்ட தோட்டங்களை ஒட்டிய ஊர்களில் மாலைக்குமேல் நடமாட அஞ்சுவதற்கு இதுவே காரணம். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்ட நிறுவனமான டான்டீயே 2022-இல் தன் நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேற்பட்டதை வனத்துறையிடம் திரும்ப ஒப்படைக்க வேண்டியதாயிற்று. அங்கே தொழிலாளர்களின் பிழைப்பு பற்றிய கேள்வியும் உடன் எழுந்தது. சிறு விவசாயியின் பத்து சென்ட்டில் அந்தச் சிக்கல் இல்லை. தேயிலைச் செடிகளை ஒரே நாளில் பிடுங்கி மண்ணைத் திறந்துவிடாமல், தாழ வெட்டிவிட்டு இடையிடையே நாவல் இனங்கள், காட்டுச் செண்பகம், உயரமான பகுதியில் காட்டுப் பூவரசு போன்ற சோலை மரக் கன்றுகளை நடலாம். சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) வேகமாக வளரும் என்ற ஆசையில் அவற்றை நட வேண்டாம். முன்னது கட்டுக்கடங்காமல் பரவும், பின்னது பக்கத்துத் தேயிலையின் தண்ணீரைக் குடிக்கும். ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்கு உரமும் மருந்தும் படாத பச்சைப் பட்டை நிற்கட்டும். காட்டெருமை வழக்கமாக நடக்கும் தடம் தோட்டத்தின் ஊடே போனால், அதைக் கம்பிவேலியால் அடைப்பதைவிட இந்த விடுவித்த துண்டின் வழியாகத் திருப்பிவிட முடியுமா என்று பார்ப்பது செடிகளுக்கு நல்லது. இந்தக் கன்றுகளுக்கு முதல் மூன்று ஆண்டுகள் ஆண்டுக்கு இருமுறை களை எடுத்துவிட வேண்டும். அதுவரை அதையும் ஒரு பயிராகவே கணக்கில் வையுங்கள்.

மறுநடவை எப்போது எண்ணலாம்

மண்ணும் சரிவும் நன்றாக இருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடமாகவும், மீதியில் பெரும்பகுதி கட்டை அழுகிய முதிய செடிகளாகவும் உள்ள துண்டுக்கு மட்டும் மறுநடவு பொருத்தமானது. நல்ல விளைச்சல் வர நான்கு ஆண்டுகளாவது ஆகும் என்பதால், கடன் வாங்கி ஓர் ஏக்கரையும் ஒரே மூச்சில் பிடுங்குவது சிறு குடும்பத்தைச் சாய்த்துவிடும். பத்துப் பதினைந்து சென்ட்டாகச் செய்வதே பாதுகாப்பு. தேயிலை வாரியத்தின் குன்னூர் அலுவலகத்தில் மானியம் நடப்பில் இருக்கிறதா, எந்தப் பரப்புக்குத் தகுதி உண்டு என்பதைச் செடியைப் பிடுங்குவதற்கு முன்பே எழுத்துமூலம் கேட்டுக்கொள்ள வேண்டும்; பிடுங்கிய பிறகு கேட்டால் பழைய நிலையைக் காட்டச் சான்று இருக்காது. பிடுங்கிய நிலத்தில் குவாத்தமாலா புல்லை வளர்த்து, அவ்வப்போது அறுத்து அங்கேயே பரப்பி, மண் இளகியபின் சமமட்டக் கோட்டில் இரட்டை வரிசையாக நடலாம்.

கடைசியாக, குறிப்பேடு. ஒவ்வொரு பறிப்பிலும் எந்தத் துண்டில் எத்தனை கிலோ, எத்தனை ஆள், என்ன உரம் என்று எழுதி வைத்தால் போதும். தொழிற்சாலை தரும் ரசீதில் மொத்த எடை மட்டுமே இருக்கும் என்பதால் துண்டுவாரியான எடையை வயலிலேயே தராசு வைத்துக் குறிக்க வேண்டும். நான்கு ஆண்டுகள் கழித்து அடுத்த கவாத்து வரும்போது, வெற்றிடம் நிரப்பிய துண்டுகளில் செடிக் கணக்கையும் மண் ஆய்வையும் மறுபடி எடுத்துப் பழைய ஏட்டோடு ஒப்பிடுங்கள். நிரப்பியும் உரமிட்டும் எடை ஏறாத துண்டு எதுவோ, அதன் மண்ணாழத்தை இன்னொருமுறை கடப்பாரையால் குத்திப் பார்த்து, மறுநடவுக்கா சோலைக்கா என்று முடிவு செய்யலாம்.